அவளுக்குப் பசித்த மாதம்

2011-இல் ஒரு நாள், இதழ் அலுவலகத்திலிருந்து வந்த வாசகர் கடிதக் கட்டில் ஓர் அஞ்சல் அட்டை இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் எழுதியது. வழக்கமான பாராட்டு எதுவும் இல்லை. "அக்கா எப்பவும் ஓடிட்டே இருக்காங்க. அவங்களுக்குப் பசிக்காதா? எப்ப சாப்பிடுவாங்க?" அவ்வளவுதான்.

சிறுவர் மாத இதழ் ஒன்றில் அந்த 'அக்கா'வை, ஒரு படக்கதை நாயகியை, நான் அப்போது மூன்று ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் ஆறு பக்கம். பழைய இதழ்களை எடுத்து முதல் கதையிலிருந்து புரட்டினேன். முப்பத்தாறு இதழ்கள், இருநூற்றுப் பதினாறு பக்கங்கள். ஒரு படக் கட்டத்தில்கூட அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒரு கதையில் டீ கிளாஸைக் கையில் வாங்குகிறாள். அடுத்த கட்டத்தில் யாரோ அலறுகிறார்கள், கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறாள். நானும் ஒரு பெண்தான். வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் எழுத உட்காருகிறவள். எனக்கே அது தோன்றவில்லையே என்று அன்று இரவு முழுக்க மனது உறுத்திக்கொண்டிருந்தது.

அவள் எப்படி உருவானாள் என்று சொல்லிவிடுகிறேன். 2008-இல் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஊருக்கு ஒரு வொண்டர் வுமன் வேணும்மா, எழுதுவியா?" என்றார். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் குடும்பம், பத்தொன்பது வயது, படகு இன்ஜின் மெக்கானிக் என்று ஒரு பெண்ணை எழுதிக்கொண்டு போனேன். இரும்பைத் தொட்டால், அதன் அருகில் எப்போதோ பேசப்பட்டது அவள் காதில் விழும். ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன அந்த 'வொண்டர் வுமன்', அமெரிக்கப் படக்கதைகளின் அதிசக்தி நாயகி, என்னை விடவில்லை. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் கிடைத்த பழைய இதழ்கள், அப்புறம் தொகுப்பு நூல்கள் என்று வருடக்கணக்கில் தேடித் தேடிப் படித்தேன். எழுதக் கற்றுக்கொண்டதில் பாதி அங்கேதான்.

அந்த அஞ்சல் அட்டை வந்த வாரம் மறுபடி வொண்டர் வுமன் கதைகளைத்தான் எடுத்தேன். வொண்டர் வுமனை உருவாக்கியவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளர். 1941-இன் கடைசியில் முதல் கதை வந்தது. ஓவியர் எச். ஜி. பீட்டர். அவளுக்கு எட்டா கேண்டி என்று ஒரு தோழி உண்டு. குண்டான, தைரியமான கல்லூரிப் பெண், எந்நேரமும் கையில் மிட்டாய். எனக்கு எட்டாவை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அன்று அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பசியும் ருசியும் தோழிக்கு, அழகும் வலிமையும் நாயகிக்கு என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறார்கள். என் கதையிலும் அதேதான். படகுக்காரப் பையன் ஒருவன் எப்போதும் தின்றுகொண்டே இருப்பான், வாசகர்கள் சிரிப்பார்கள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சரி, அவளைச் சாப்பிட வைப்போம் என்று முடிவு செய்தேன். அடுத்த மாத ஸ்கிரிப்டில் ஒரு முழுப் பக்கம், சாப்பாடு மட்டும். ஆசிரியர் போனில் கேட்டார்: "ஆறு பக்கத்துல ஒரு பக்கம் சோறா? என்னம்மா இது?" ஓவியர்தான் எனக்குத் துணை நின்றார். என்னைவிட இருபது வயது மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "எழுதி அனுப்பும்மா, நான் வரைஞ்சு காட்டுறேன், அப்புறம் அவர் பேசட்டும்" என்றார்.

எழுத உட்கார்ந்தபோது முதல் கேள்வி, எந்தப் பாத்திரத்தில் சாப்பிடுவாள் என்பது. எவர்சில்வர் தட்டிலும் இரும்பு இருக்கிறது. தொட்டால் பேசும். அவளுக்கு நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட வேண்டுமென்றால் அலுமினியத் தூக்குச் சட்டிதான் சரி. மூன்று ஆண்டுகளில் எனக்கு வராத யோசனை இது! அப்படியானால் ஸ்பேனரை எப்படிப் பிடிப்பாள்? கைப்பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருப்பாள். பஸ்ஸில் எப்படிப் போவாள்? கம்பியைப் பிடிக்க மாட்டாள், கதவோரம் சாய்ந்து நிற்பாள். அண்ணன் அந்தப் பக்கத்தை ஐந்து கட்டங்களாக வரைந்தார். தூக்கின் மூடி திறக்கிறது. பழைய சோறு, மேலே சுட்ட நெத்திலிக் கருவாடு. விரல்கள் பிசைகின்றன. நீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரைக்கும் வடிகிறது. கடைசிக் கட்டத்தில் கண்ணை மூடி மெல்லுகிறாள். பேச்சு பலூனே கிடையாது, எங்கும் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெண்ணின் சக்தி எப்பேர்ப்பட்ட பாரம் என்று முதல்முறையாக வாசகருக்குப் புரிந்த பக்கம் அதுதான். ஆசிரியர் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையையும் ஒரே கேள்வியோடு தொடங்கினேன். இந்த மாதம் அவளுக்கு என்ன வேண்டும்? உலகத்துக்கு என்ன ஆபத்து என்பது இரண்டாவது கேள்வி. புது செருப்பு வேண்டும், கொடுத்த கடன் திரும்பி வர வேண்டும், ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும். அந்த ஆசையின் குறுக்கே ஆபத்து வந்து நிற்க வேண்டும். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு, அதுவும் பெண் நாயகியை எழுதுகிறவர்களுக்கு, நான் முதலில் சொல்வது இதுதான். ஆண் நாயகனுக்குக் கோபம், சபலம், பிடிவாதம் எல்லாம் யாரும் கேட்காமலேயே கிடைத்துவிடும். பெண் என்றால் அவள் எல்லாப் பெண்களுக்கும் உதாரணமாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர், ஓவியர், பெற்றோர் என்று ஆளாளுக்கு எதிர்பார்க்கிறார்கள். எழுதுகிற நாமும் எதிர்பார்க்கிறோம். உதாரணத்துக்குப் பசிக்காது. 2017-இல் வந்த வொண்டர் வுமன் திரைப்படத்தில் அவள் முதல்முறை ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, விற்றவரிடம் இதற்காக நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்று மனதாரச் சொல்வாள். அந்த இடத்தில் நான் தியேட்டரிலேயே கைதட்டினேன்.

சக்தி விஷயத்துக்கு வருகிறேன். தொடர் நீளும்போது எழுத்தாளருக்கு வரும் முதல் சபலம் சக்தியைக் கூட்டுவது. நானும் செய்தேன். இரண்டாம் ஆண்டிலேயே அவளுக்குப் பாய்மர உயரம் குதிக்கும் திறன், நீருக்கடியில் மூச்சு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். விளைவு, எந்தச் சிக்கலும் இரண்டு பக்கத்துக்கு மேல் தாங்கவில்லை. வொண்டர் வுமனின் மாயச் சுருக்குக் கயிற்றைப் பார்த்தால் இதற்கு வழி தெரியும். மார்ஸ்டன் எழுதிய நாட்களில் அந்தக் கயிற்றில் கட்டுண்டவர் அவள் சொல்வதற்கெல்லாம் கீழ்ப்படிய வேண்டும். 1987-இல் ஜார்ஜ் பெரெஸ் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கிய பிறகு, உண்மையைப் பேச வைப்பதுதான் அதன் வேலை என்று நிலைத்தது. சக்தி சுருங்கியது, கதையின் பலம் கூடியது. பிறரை அடிமைப்படுத்தும் கயிறு ஒருவகை ஆயுதம். உண்மையை இழுத்து வெளியே போடும் கயிறு, பிடித்திருப்பவளையும் சேர்த்தே மாட்டிவைக்கிறது.

நானும் சேர்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்த்தேன். கடைசியில் இரும்பின் குரல் ஒன்றுதான் மிஞ்சியது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். உண்மை தெரிந்துவிடும் நாயகிக்குத் துப்பறிய என்ன இருக்கிறது? ரொம்ப நாள் திண்டாடிய பிறகு புரிந்தது, யார் செய்தார் என்று அவளுக்குத் தெரிவது கதையின் முடிவாக இருக்க வேண்டியதில்லை, தொடக்கமாக இருக்கலாம். எடைக்கல்லைத் தொட்டதும் முதலாளி எடையில் ஏமாற்றுகிறார் என்று தெரிந்துவிட்டது. உப்பளத்துப் பெண் ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? எடைக்கல் பேசியது என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வாள்? அங்கிருந்துதான் ஆறு பக்கமும் ஓடும்.

சக்தியை ஒரேயடியாகப் பிடுங்குவது இன்னொரு ஆபத்து. 1968-இல் டென்னிஸ் ஓ'நீல் எழுத, மைக் செகோவ்ஸ்கி வரைய, வொண்டர் வுமனின் சக்தியை எடுத்துவிட்டு, வெள்ளை உடை அணிவித்து, கராத்தே கற்ற சாதாரணப் பெண்ணாக மாற்றினார்கள். கெட்ட எண்ணம் இல்லை. சக்தியின் தயவில்லாமல் தன் காலில் நிற்கும் நவீனப் பெண்ணைக் காட்ட நினைத்தார்கள். ஆனால் அந்த உலகில் இருந்த மிக வலிமையான பெண்ணிடமிருந்து வலிமையைப் பறித்ததாகத்தான் வாசித்த பெண்களுக்குத் தோன்றியது. 1972 ஜூலையில் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் குழுவினரின் மிஸ் இதழ் அவளைப் பழைய உடையிலேயே அட்டையில் போட்டது. 1973-இல் சக்தி திரும்பியது. ஓ'நீலே பின்னாளில் அதற்காக வருந்தினார். இதைப் படிக்காமல் இருந்திருந்தால் நானும் ஐந்தாம் ஆண்டில் அதையே செய்திருப்பேன். 'அவளை மனுஷியாக்குகிறேன்' என்று ஒரு கதைச் சுருக்கம்கூட எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன்.

நான் செய்த பெரிய தவறு முதல் இதழிலேயே நடந்துவிட்டது. நாயகி பொங்கி எழ ஒரு காரணம் வேண்டுமே என்று அவள் அம்மாவைச் சாகடித்தேன். அப்போது பத்து வினாடிகூட யோசிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் அம்மா உப்பு மூட்டையோடு சரிகிறாள், நான்காம் பக்கத்தில் மகள் சபதம் போடுகிறாள். பதினோரு ஆண்டுகள் அதற்கு விலை கொடுத்தேன். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை, சண்டை போட ஆளில்லை, அந்தப் பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கவும் ஆளில்லை. சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள். வொண்டர் வுமனுக்கு உயிரோடு ஒரு தாய் இருக்கிறாள், அரசி ஹிப்போலிட்டா. மகள் வீட்டைவிட்டுப் போவதை விரும்பாத தாய். அந்த இழுபறி எத்தனை கதைக்கு வேண்டுமானாலும் தாங்கும். இருந்தும் பின்னால் வந்தவர்கள் சும்மா விடவில்லை. 2001-இல் ஒரு போரில் ஹிப்போலிட்டா இறந்தாள். 2011-இல் தொடங்கிய புதிய வரிசையில் அவளைக் களிமண் சிலையாக்கினார்கள். கதையை நகர்த்த ஒரு பெண்ணைக் கொல்வது எல்லாருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கருவி போல. 1999-இல் கெய்ல் சிமோன் இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டுக் காட்டினார். பிறகு அவரே 2007 முதல் 2010 வரை வொண்டர் வுமனை எழுதவும் செய்தார்.

நான் அம்மாவைத் திரும்பக் கொண்டுவரவில்லை, அது வாசகரை ஏமாற்றுவது. ஐந்தாம் ஆண்டில் பெரியம்மாவைக் கொண்டுவந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் பெரியம்மா இவள் வீட்டில் வந்து தங்குவாள். இவளிடம் சக்தி இருப்பது பெரியம்மாவுக்குத் தெரியும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். "இரும்பு பேசுறது இருக்கட்டும், முதல்ல தலையைத் துவட்டு" என்பாள். அந்த மழைக்கால இதழ்களுக்குத்தான் கடிதங்கள் அதிகம் வந்தன.

கல்யாணம் எப்போது என்ற கேள்வி ஏழாம் ஆண்டு வாக்கில் வந்தது. ஆசிரியர் பொங்கல் மலருக்குத் திருமணக் கதை கேட்டார். மணமகனும் தயார், அந்தத் தின்றுகொண்டே இருக்கும் பையன். 1947-இல் மார்ஸ்டன் இறந்த பிறகு ராபர்ட் கானிகர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வொண்டர் வுமனை எழுதினார். அந்தக் காலத்தில் காதலன் ஸ்டீவ் ட்ரெவர் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டே இருப்பான், அவள் குற்றங்கள் ஒழியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாள். 1949-இல் வந்த சென்சேஷன் காமிக்ஸ் அட்டை ஒன்று இருக்கிறது. ஓர் ஓடை, ஸ்டீவ் அவளைக் கைகளில் தூக்கிக்கொண்டு தாண்டுகிறான், அவள் சிரித்துக்கொண்டு கிடக்கிறாள். டாங்கியைத் தூக்கி எறியக் கூடியவள் ஓடையைத் தாண்ட முடியாதவளாகிவிட்டாள். அந்த அட்டையின் பிரதியை என் மேசைக்கு மேல் ஒட்டிவைத்தேன்.

நான் கல்யாணத்துக்கு எதிரி இல்லை. நன்றாக எழுதினால் அது பெரிய கதை. ஆனால் ஒரு மலருக்கு அட்டைப்படம் வேண்டும் என்பதற்காகச் செய்யக்கூடாது. தமிழில் படக்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு மாடஸ்டி என்ற சாகச நாயகியையும் அவள் தோழன் கார்வினையும் தெரியும். 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கியதே மாடஸ்டி கதையோடுதான். பீட்டர் ஓ'டானல் 1963 முதல் 2001 வரை அந்தத் தொடரின் கதையை ஒரே ஆளாக எழுதினார். அந்த இரண்டு பேரையும் ஒருபோதும் காதலர்களாக்கவில்லை. உயிரைக் கொடுக்கும் நட்பு, அவ்வளவுதான். அந்த ஒரு முடிவு முப்பத்தெட்டு ஆண்டுகள் தொடரைத் தாங்கியது. ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவரும் பழைய லயன் வாசகர். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

உடை பற்றிய சண்டைகளை நீட்ட விரும்பவில்லை. 2010-இல் வொண்டர் வுமனுக்கு நீளக் கால்சட்டையும் ஜாக்கெட்டும் போட்டார்கள், அதற்கும் சண்டை. 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை அவளைப் பெண்களுக்கான கௌரவத் தூதராக்கியது, பழைய உடையைக் காட்டி எதிர்ப்பு வந்து இரண்டு மாதத்துக்குள் முடித்துக்கொண்டது. எங்களுக்கு உதவியது ஒரு சின்னக் கேள்விதான். ஸ்பேனரை எங்கே வைத்திருப்பாள்? அண்ணன் அன்றே அவள் சட்டையில் இரண்டு பெரிய பாக்கெட் வைத்தார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அவள் செய்கிற வேலையே உடையைத் தீர்மானித்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

இனி நோட்டு. தொடர் எழுதுகிற யாராக இருந்தாலும் முதல் மாதமே ஒரு நீள நோட்டு வாங்குங்கள். நான் நான்காம் ஆண்டில்தான் வாங்கினேன், அதற்குள் கதைகளில் அவளுக்கு இரண்டு வெவ்வேறு பிறந்தநாள் வந்துவிட்டது. என் நோட்டில் காயங்களுக்கு ஒரு பக்கம், கடன்களுக்கு ஒரு பக்கம், யாருக்கெல்லாம் அவள் ரகசியம் தெரியும் என்று ஒரு பக்கம், பசி என்று ஒரு பக்கம். முதல் தாளில் மாறவே கூடாதவை நான்கு வரி. மீதியெல்லாம் மாறலாம். வொண்டர் வுமன் களிமண்ணில் செய்து உயிரூட்டப்பட்ட குழந்தை என்பது எழுபது ஆண்டுகளாக இருந்த கதை. 2011-இல் தொடங்கிய வரிசையில் பிரையன் அஸரெல்லோ அவளைக் கிரேக்கக் கடவுள் ஸீயஸின் மகளாக்கினார். 2016-இல் அவளை முன்பு எழுதிய கிரெக் ருக்கா திரும்பி வந்தபோது இந்த முரண்களை மறைக்கவில்லை. அவளே தன் நினைவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று குழம்பி, எது பொய் என்று தேடிப் போகிறாள். ஒற்றைப்படை இதழ்களில் இந்தத் தேடல், இரட்டைப்படை இதழ்களில் அவளுடைய முதல் ஆண்டு. தவறை வாசகர் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். என் இரண்டு பிறந்தநாளையும் நான் அப்படித்தான் காப்பாற்றினேன். ஒன்று பள்ளிச் சான்றிதழில் இருப்பது, இன்னொன்று அம்மா சொன்னது. அதை வைத்தே ஒரு நல்ல கதை கிடைத்தது.

கடைசியாக, பெயர். முதல் இரண்டு ஆண்டுகள் இதழில் என் பெயர் வரவில்லை. ஓவியர் பெயர் வந்தது. கேட்கக் கூச்சப்பட்டேன். கையெழுத்துப் போட்ட தாளைச் சரியாகப் படிக்கவும் இல்லை. அதனால்தான் இங்கே அவள் பெயரைக்கூட நான் எழுதவில்லை, உரிமை முழுக்க அவர்களிடம் இருக்கிறது. ஜோய் ஹம்மல் என்று ஒருவர். 1944-இல் மார்ஸ்டனுக்கு உதவியாளராகச் சேர்ந்து, 1947 வரை வொண்டர் வுமன் கதைகள் பலவற்றைத் தானே எழுதினார். இதழ்களில் அவர் பெயர் இல்லை. 2018-இல், உரிய பெயர் கிடைக்காத படக்கதை எழுத்தாளர்களுக்கான பில் ஃபிங்கர் விருது கொடுத்தபோது அவருக்குத் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தது. இப்போது எழுத வருகிற பெண்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, முதல் பக்கத்தை அனுப்புவதற்கு முன் பெயர் எங்கே வரும், நூலாக வந்தால் என்ன பங்கு, வேறு யாராவது தொடர்ந்தால் உங்களிடம் கேட்பார்களா என்று தாளில் எழுதி வாங்குங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று நானும் பயந்தேன். மூன்றாம் ஆண்டில் ஒருவழியாகக் கேட்டபோது அடுத்த இதழிலேயே பெயர் வந்தது.

2019-இல் நான் நிறுத்திக்கொண்டேன். கண் பிரச்சினை, இரவில் எழுத முடியவில்லை. தொடர் நிற்கக்கூடாது என்று ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்தார்கள், இருபத்துநான்கு வயது. நோட்டை அவளிடம் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து முதல் ஸ்கிரிப்டும் பென்சில் படங்களும் எனக்கு வந்தன, பார்த்துச் சொல்லுங்கள் அக்கா என்று. முதல் பக்கம் மீன் சந்தை. நாயகி குத்தவைத்து உட்கார்ந்து சாளை மீனுக்குப் பேரம் பேசுகிறாள். பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நான்கு கட்டம். தராசைத் தொட்டுவிடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்திருக்கிறாள். அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை, அவளாகவே யோசித்தது. ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டுத் தழும்பு மட்டும் வலது கையில் இருந்தது. அதைச் சுழித்து, 'இடது' என்று பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.